ரவினேஷ் தத் நடுவில் நின்ற படம்

ரவினேஷ் தத் எடுத்த ஒரே படத்தில், கணவனும் மனைவியும் நெருங்கும் காட்சிகள் எத்தனை உண்டோ அத்தனையிலும் அவர்களுக்கு நடுவில் ரவினேஷ் தத் நிற்கிறான். அந்தக் காட்சிகளை எடுத்தபோது அவன் கேமராவுக்குப் பின்னால்தான் இருந்தான் என்பதற்குச் சாட்சிகள் இருக்கிறார்கள். எங்கள் தீவு ஊரான லம்பாசாவில் இதை யாரும் மறுப்பதில்லை. ஊருக்கு வெளியே கோயிலுக்குள் இருக்கும் ஒரு பாறை வருஷா வருஷம் வளர்கிறது. அதற்காகக் கோயில் கூரையைப் பலமுறை உயர்த்திக் கட்டியாயிற்று. அப்படியிருக்க, ஒரு மனிதன் படத்துக்குள் போய்விட்டதைப் பெரிய விஷயமாகப் பேச எங்களுக்கு நேரமில்லை. பேசினால், அவன் அங்கே போய் நிற்கும் லட்சணத்தைத்தான் பேசுவோம்.

அவன் பிரிஸ்பேனில் அடுத்தவர்கள் கல்யாணங்களைப் படம்பிடித்துப் பிழைத்தவன். பெண்ணையும் மாப்பிள்ளையையும் பார்த்து "இன்னும் கொஞ்சம் நெருங்கி நில்லுங்க" என்று சொல்லிச் சொல்லியே, காதலைப் பற்றித் தனக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்துக்கொண்டான். ஒரு கேமராவோடும் வீட்டுக்குள்ளும் கழற்றாத ஒரு தொப்பியோடும் ஊர் திரும்பி, ஆற்றுக்கு அந்தப்பக்கம் தகரக்கூரை வீட்டில் குடியேறினான். அவன் மனைவி சுனைனா ஆரம்பப் பள்ளி ஆசிரியை. கரும்பு வெட்டுகிறவர்களின் பிள்ளைகள் பாதிப் பேர் அவளிடம்தான் எழுத்துக் கற்றார்கள். திரும்பி வந்த வருஷம் அவளுக்கு வயிற்றில் ஐந்து மாதம் தங்கிய குழந்தை கலைந்துபோனது. அதற்குப் பிறகு அந்த வீட்டில் ரேடியோதான் பேசியது. ரவினேஷ் தத் மனைவியோடு மறுபடி வாயைத் திறந்து பேசியது, தான் எழுதிய திரைக்கதையைப் படித்துக் காட்டத்தான். ஒரு தம்பதி குழந்தையை இழக்கிறார்கள், கணவன் மனைவியைத் தேற்றுகிறான், கடைசியில் ஆற்றங்கரையில் இருவரும் சிரிக்கிறார்கள். கணவன் மிக நல்லவன். பக்கத்துக்குப் பக்கம் நல்லவன். அந்தப் பெண் படுக்கையில் சொல்லும் வார்த்தைகள், குழந்தை கலைந்து வீடு திரும்பிய ராத்திரி சுனைனா சொன்னவை, ஒரு எழுத்து மாறாமல் அதில் இருந்தன. என்னைக் கேட்காமல் எப்படி எழுதினீர்கள் என்று அவள் கேட்கவில்லை. இதைப் படமாக்கினாலாவது இந்த மனிதன் அதைப் பற்றிப் பேசுவான் என்று நினைத்தாள். நடிக்கச் சம்மதித்தாள். அவள் செய்த ஒரே முட்டாள்தனம் அது; அதைக்கூட முட்டாள்தனம் என்று சொல்ல எங்களுக்கு மனம் வருவதில்லை.

பணமில்லாதவன் படமெடுத்தால் வீட்டையே கரைத்துத்தான் எடுக்க வேண்டும். படத்தில் வரும் வீடு அவன் வீடு. கட்டில் அவன் கட்டில். கதாநாயகி கட்டிய புடவைகள் சுனைனாவின் அலமாரியில் இருந்தவை, கதாநாயகன் போட்ட கோட்டு ரவினேஷ் தத்தின் கல்யாணக் கோட்டு. அந்தக் கோட்டு யாருக்குச் சரியாக இருக்கிறது என்று பார்த்துத்தான் கதாநாயகனையே பிடித்தான். அகப்பட்டவன் சைலோசி, கரும்பு லாரி ஓட்டுகிறவன். பூர்வகுடிக்காரன் என்றாலும் கரும்பு வயல்களுக்கு நடுவில் வளர்ந்ததால் கரும்பு வெட்ட வந்த எங்கள் பாட்டன்மாரின் இந்தியில் எங்களைவிட நன்றாகத் திட்டுவான். ஆலை வாசலில் லாரிகள் நாள்கணக்கில் வரிசையில் நிற்கும் பருவம் அது. தன் லாரியை முன்னால் நகர்த்தப் பக்கத்து லாரிக்காரனிடம் சொல்லிவிட்டு, மதியச் சாப்பாடு கிடைக்கிறதே என்று வந்தான். ஒலி பிடிக்க ஒருவன், முகத்துக்கு மாவு பூச ஒருத்தி, வெளிச்சத்தை முகத்தில் திருப்பிவிடத் தகரம் பிடிக்க இரண்டு பேர். கேமராவுக்கு ரவினேஷ் தத்தின் சித்தப்பா மகன் மோனிஷ். அண்ணன் சொன்னால் கிணற்றிலும் குதிப்பான், கேமராவை நனையாமல் பிடித்துக்கொண்டு. எல்லாரும் அந்த வீட்டிலேயே சாப்பிட்டு அந்த வீட்டிலேயே படுத்தார்கள்.

கேமரா குலுங்காமல் நகரத் தண்டவாளம் வேண்டும் என்று மோனிஷ் கேட்டான். வாடகைக்குக்கூட அது எங்கும் கிடைக்காது. ரவினேஷ் தத் யோசித்து, வீட்டுக் கதவுகளைக் கழற்றித் தரையில் வரிசையாகப் போட்டு அதன்மேல் சக்கரப் பலகையை ஓட்டச் சொன்னான். படுக்கையறைக் கதவு, சமையலறைக் கதவு, குளியலறைக் கதவு மூன்றும் போயின. குளியலறைக்கு ஒரு பழைய துணியைத் தொங்கவிட்டார்கள். காற்றடித்தால் அது யாருடைய கட்சி என்று சொல்ல முடியாது.

"குளிக்கிற இடத்துக் கதவாவது இருக்கட்டுமே" என்றாள் சுனைனா.

"நம்ம எல்லாம் இப்ப ஒரே குடும்பம். குடும்பத்துக்குள்ள கதவு எதுக்கு?" என்றான் ரவினேஷ் தத்.

ஒரு விடியற்காலை கண்விழித்தபோது அவள் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் கேமராவின் கண் இருந்தது. பின்னால் மோனிஷ் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான். "அண்ணன்தான் எடுக்கச் சொன்னாரு, அண்ணி. தூங்கறப்ப முகம் இயல்பா இருக்குமாம்" என்றான். அவள் போர்வையை இழுத்து மூடிக்கொண்டாள். போர்வைக்குள் அவள் என்ன செய்தாள் என்பது மட்டும்தான் அந்த மாதம் முழுக்க அந்த வீட்டில் படம்பிடிக்கப்படாத விஷயம்.

ரவினேஷ் தத்துக்கு நடிப்பைச் சொல்லிக்கொடுக்கும் வழி ஒன்றுதான் தெரியும். சைலோசியை ஒதுக்கிவிட்டு, தானே போய் அவள் தோளைப் பிடிப்பான், முகத்தை நிமிர்த்துவான், கன்னத்தைத் திருப்புவான், அரிசிக்கடையில் படியை நிமிர்த்துவது போல. பிறகு விலகி, "இப்படிப் பிடி" என்பான். சைலோசி அப்படிப் பிடித்தால் "இவ்வளவு இறுக்கி எதுக்கு?" என்பான். இறுக்காமல் பிடித்தால் "உனக்குப் பெண்டாட்டி இல்லையா?" என்பான். சைலோசிக்கு இதில் மனவருத்தம் எதுவும் கிடையாது. லாரிக்கு முன்னால் கரும்புக்கட்டை வைத்து மறிக்கும் அதிகாரிகளை அவன் நிறையப் பார்த்திருக்கிறான்.

பிறகு அந்தப் படுக்கைக் காட்சி வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய ராத்திரி அது. மனைவி சொல்லவேண்டும்: "வயித்துல கை வைங்க. ஒண்ணும் பேச வேணாம். கை மட்டும் வைங்க." கணவன் கை வைத்து அழவேண்டும். நிஜத்தில் நடந்தது வேறு. நாளைக்கு ஒரு கல்யாண வீடியோவை வெட்டிக்கொடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு ரவினேஷ் தத் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக் குறட்டை விட்டான். இது அவனையும் அவளையும் தவிர அப்போது யாருக்கும் தெரியாது. ஆனால் காட்சிக்காக அவள் படுத்த மாதிரியிலிருந்தே அறையில் இருந்தவர்களுக்கு ஏதோ புரிந்துவிட்டது. மாவு பூசுகிறவள் வெளியே போய்விட்டாள்.

சைலோசி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தான். கையை நீட்டி, பாதியில் நிறுத்தி, "டீச்சர், கை வைக்கட்டுமா?" என்று கேட்டான்.

"அதெல்லாம் என்கிட்ட கேளு" என்றது கேமராவுக்குப் பின்னாலிருந்து ரவினேஷ் தத்தின் குரல்.

"உங்க வயிறு இல்லையே, பாஸ்" என்றான் சைலோசி. அவன் கிண்டலாகச் சொல்லவில்லை.

சுனைனா சைலோசியைப் பார்த்துத் தலையசைத்தாள். கேமரா ஓடியது. அவள் அந்த வார்த்தைகளைச் சொன்னாள். டீசலும் கரும்புப்பாகும் நாறும் அந்தப் பெரிய கை அவள் வயிற்றின்மேல் இறங்கியது, சைலோசி அழுதான். அழச் சொல்லியிருந்ததால் மட்டும் அழவில்லை. அவன் வீட்டிலும் ஒன்று அப்படிப் போயிருந்தது. சுனைனாவும் அழுதாள், அன்றைக்கு அழவேண்டியதையெல்லாம். தகரம் பிடித்தவர்களில் ஒருவன் கண்ணைத் துடைக்கத் தகரத்தை இறக்கினான், சுவரில் வெளிச்சம் சரிந்தது. அந்த நேரத்தில் "கட்" என்றான் ரவினேஷ் தத். காட்சி பாதிகூட முடிந்திருக்கவில்லை.

சாயங்காலம் எல்லாரும் உட்கார்ந்து எடுத்ததைப் போட்டுப் பார்த்தபோது, சைலோசியின் கைக்கும் சுனைனாவின் வயிற்றுக்கும் நடுவில் மூன்றாவதாக ஒரு கை இருந்தது. எங்கேயும் படாமல் அந்தரத்தில் நின்றது. மணிக்கட்டில் ரவினேஷ் தத்தின் கடிகாரம், நேரம்கூடச் சரியாக ஓடிக்கொண்டிருந்தது. மோனிஷ் லென்ஸைத் துடைத்தான். மறுநாள் திரும்ப எடுத்தார்கள்; முழங்கை வரை வந்திருந்தது. அதற்கடுத்த நாள் தோளும் பாதித் தொப்பியும். அந்த வாரக் கடைசியில் ரவினேஷ் தத் முழுசாக, செருப்போடு, இருவருக்கும் நடுவில் நந்தி மாதிரி நின்றான். அந்தக் காட்சி என்றில்லை, முன்னால் எடுத்து வைத்திருந்த காட்சிகளிலும் போய் நின்றுகொண்டான். தனியாக நடக்கும் காட்சிகளில் அவன் இல்லை. சைலோசி அவள் பக்கம் ஓரடி வைத்தால் போதும், எங்கிருந்தோ வந்து நடுவில் புகுந்துவிடுவான்.

வேறு யாராக இருந்தாலும் வெட்கப்பட்டிருப்பார்கள். ரவினேஷ் தத் மோனிஷைத் திட்டினான். லென்ஸை மாற்றினான். கேமராவிலிருந்து தள்ளி நின்றான், பிறகு வாசலில் நின்றான், பிறகு தெருவுக்கு அந்தப்பக்கம் போய் நின்றுகொண்டு கத்தினான். ஒன்றும் சரிவராமல், தன்னை முற்றத்துப் பலாமரத்தில் கயிற்றால் கட்டச் சொன்னான். கட்டினார்கள். தகரம் பிடித்தவர்கள் தேவைக்கு அதிகமாகவே இறுக்கிக் கட்டினார்கள். மரத்திலிருந்து அவன் "ஆக்‌ஷன்" என்று கூவ, உள்ளே காட்சி எடுத்தார்கள். போட்டுப் பார்த்தபோது கையில் கயிற்றுத் தடம் சிவந்திருக்க, வழக்கமான இடத்தில் நின்றான்.

இதற்கிடையில் ஒருநாள் சைலோசியின் மனைவி வாசித்தி வந்தாள். சந்தையில் சேற்று நண்டு விற்கிறவள். நண்டுக்கட்டோடு படியில் உட்கார்ந்து, உள்ளே நடப்பதைக் கொஞ்சநேரம் பார்த்தாள். தன் வயிற்றில் எரிவது அடுத்தவர் வயிற்றிலும் எரிந்தால் ஆறுதல் என்று நினைக்கிற ஜாதி ரவினேஷ் தத். மெல்ல அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தான்.

"உன் புருஷன் என் பெண்டாட்டிய அணைக்கிறான். பாத்துக்கிட்டு இருக்கியே, உனக்கு ஒண்ணும் தோணலையா?"

"தோணுதே. வீட்டுல அந்த ஆள் ஸ்டார்ட் ஆகவே நாலு தடவ தள்ளணும். இங்க இத்தனை பேர் தள்ளறீங்க, நல்லா ஓடுறான்" என்றாள் வாசித்தி. பிறகு அவனை மேலும் கீழும் பார்த்தாள். "நீங்க என்ன, பாஸ், வெயில்ல வெளுத்துப்போன துணி மாதிரி ஆயிட்டீங்க. உங்க பின்னாடி இருக்கிற படிக்கட்டு தெரியுது."

அவள் சொன்னது சரிதான். படத்தில் அவன் கெட்டியாக ஆக ஆக, வீட்டில் வெளிறிக்கொண்டிருந்தான். உட்கார்ந்தால் நாற்காலி கிரீச்சிடவில்லை. வேர்ப்பொடி கரைத்த யங்கோனா குடிக்க வட்டமாக உட்கார்ந்தபோது, கிண்ணத்தை நீட்டியவன் அவன் இருப்பது தெரியாமல் அடுத்தவனுக்குக் கொடுத்தான். இதையெல்லாம் ரவினேஷ் தத் கவனிக்கவில்லை. இரவும் பகலும் படத்தையே போட்டுப் பார்த்து, நடுவில் நிற்கும் தன் முகம் கோபமாகத் தெரிகிறதா, வருத்தமாகத் தெரிகிறதா என்று யோசித்துக்கொண்டிருந்தான். வருத்தமாகத் தெரிகிறது என்று முடிவுசெய்தான். எங்களுக்கெல்லாம் அது, கடையில் கூடுதலாக ஒரு மிட்டாய் கிடைக்காத முகம் மாதிரிதான் தெரிகிறது.

ஒருநாள் காலை மறுபடி அதே படுக்கைக் காட்சி என்றபோது சுனைனா கட்டிலிலிருந்து எழுந்துவிட்டாள்.

"அந்த வார்த்தைய நான் ஒருத்தர்கிட்டத்தான் சொன்னேன். அவர் கேக்கல. இத்தனை நாளா ஊருக்கே சொல்லிக்கிட்டு இருக்கேன். இனிமே முடியாது."

"ஒரே ஒரு டேக்" என்றான் ரவினேஷ் தத்.

"ஒரே ஒரு டேக்னா நீங்க வந்து உக்காருங்க. சைலோசி வேணாம். நீங்களே கை வைங்க. அதை எடுத்துக்குங்க, அதுக்கப்புறம் என்னைக் கூப்பிடாதீங்க."

அவள் குரலில் கோபம் இருந்திருந்தால் அவனுக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். கோபம் இல்லை. சைலோசி கோட்டைக் கழற்றிக் கொடுத்தான். தன் கல்யாணக் கோட்டு தனக்கே தொளதொளவென்று இருப்பதைப் பார்த்து ரவினேஷ் தத் முகம் சுளித்தான். பக்கத்து வீட்டுத் தையல்காரியைக் கூப்பிட்டு முதுகில் ஊசி குத்தச் சொன்னான். மாவு பூசச் சொன்னான். பூசுகிறவளுக்குக் கன்னம் எங்கே இருக்கிறது என்று தடவித்தான் பார்க்கவேண்டியிருந்தது. கடைசியில் கட்டில் ஓரத்தில் போய் உட்கார்ந்தான்.

கேமரா ஓடியது. சுனைனா அவனைப் பார்த்தாள். இத்தனை நாள் சைலோசியைப் பார்க்காமல் கூரையைப் பார்த்துச் சொன்னவள், இப்போது கணவன் கண்ணைப் பார்த்துச் சொன்னாள். "வயித்துல கை வைங்க. ஒண்ணும் பேச வேணாம். கை மட்டும் வைங்க." அறையில் இருந்தவர்கள் எல்லாரும், அவனை வெறுத்தவர்கள்கூட, அந்தக் கை போய்ச் சேரட்டும் என்று விரும்பினார்கள். சைலோசி பிறகு எங்களிடம் சொன்னான்: மலை ஏற்றத்தில் திணறுகிற லாரியைப் பார்க்கிற மாதிரி தன் கால் தானாக மிதித்தது என்று.

கை நீண்டது. வயிற்றுக்கு மேலே வந்தது. அங்கே அதை நிறுத்தி, ரவினேஷ் தத் தலையைத் திருப்பி, "மோனிஷ், ஃபோகஸ் இருக்கா?" என்று கேட்டான்.

மோனிஷ் கேமராவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஃபோகஸ் இருந்தது. கேமராவுக்குள், கட்டிலில் கோட்டுப் போட்ட ரவினேஷ் தத் உட்கார்ந்திருந்தான்; அவனுக்கும் சுனைனாவுக்கும் நடுவில் தொப்பி போட்ட ரவினேஷ் தத் நின்றான். நிற்கிறவன் உட்கார்ந்திருக்கிறவனைப் பொறாமையோடு பார்த்தான். உட்கார்ந்திருந்தவன் பொறுக்காமல் எழுந்து நிற்கிறவன் பக்கத்தில் போனான். பிறகு அங்கே ஒருவன்தான் இருந்தான். மோனிஷ் கண்ணை எடுத்துப் பார்த்தபோது கட்டிலில் சுனைனா மட்டும் இருந்தாள். பக்கத்தில் கல்யாணக் கோட்டு, முதுகில் குத்திய ஊசிகளோடு விழுந்து கிடந்தது.

 அவள் தன் கையைத் தானே வயிற்றில் வைத்துக்கொண்டாள். அதைக் கேமரா எடுக்கவில்லை. மோனிஷ் கேமராவை அணைத்துவிட்டான், அவன் வாழ்க்கையில் யாரும் சொல்லாமல் தானாகச் செய்த முதல் காரியம். சுனைனா எழுந்து எல்லாருக்கும் தேநீர் போட்டாள். சைலோசியும் தகரம் பிடித்தவர்களும் கதவுகளைத் தூக்கி மாட்டிக் கீல் முறுக்கிக் கொடுத்தார்கள். அவள் தூங்கும்போது எடுத்ததையெல்லாம் மோனிஷை எதிரில் உட்காரவைத்து அழிக்கச் சொன்னாள். கடைசித் துண்டு அழியும் வரை பார்த்தாள். அதன்பின் படுக்கையறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு மறுநாள் மத்தியானம் வரை தூங்கினாள்.

ஆளைக் காணவில்லை என்று போலீசில் சொன்னார்கள். சார்ஜென்ட் வீட்டுக்கு வந்து படத்தை முழுக்கப் பார்த்தார். "காணோம்னு எழுதணும்னா ஆள் எங்க இருக்கான்னு தெரியாம இருக்கணும். இவன்தான் தெரியறானே. வேண்டாம்னாலும் தெரியறானே" என்று சொல்லிவிட்டு, ரொட்டியும் டின் மீன் குழம்பும் சாப்பிட்டுப் போனார்.

படத்தை வைத்துக்கொண்டு வேறு என்ன செய்வது என்று தெரியாமல் மோனிஷ் பள்ளிக்கூட மண்டபத்தில் திரையிட்டான். பாதி ஊர் வந்தது. கதை புரிந்தவர்கள் குறைவு. ஆனால் அந்தப் படுக்கைக் காட்சியில், நடுவில் ஒருவன் மறித்துக்கொண்டு நின்றாலும், அவன் தோளுக்கு மேலே தெரிந்த இரண்டு முகங்களைப் பார்த்து மண்டபமே மூக்கைச் சிந்தியது. பின்வரிசையிலிருந்து ஒரு பெண், "தம்பி, கொஞ்சம் தள்ளி நில்லுப்பா. அந்தப் பொண்ணு மறையுது" என்றாள். தம்பி நகரவில்லை. மறுவாரமும் கூட்டம் வந்ததால் சனிக்கிழமை மத்தியானம் என்று நிலையாகிவிட்டது. வருகிறவர்களுக்கு அவன் ஒரு தொல்லையாக இல்லாமல் போய், பிறகு தூண் மாதிரி ஆகி, இப்போது அவன் இல்லாமல் பார்த்தால்தான் விசித்திரமாக இருக்கும். பிள்ளைகள் அவன் முகத்தில் வெல்லம் தடவிய விரலை வைத்துத் திரையை அழுக்காக்கிவிட்டார்கள். சைலோசியும் வாசித்தியும் ஒருமுறை வந்தார்கள். வாசித்தி தன் புருஷன் அழுவதைப் பார்த்துவிட்டு, வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அவன் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். அந்த வருஷக் கடைசியில் அவர்களுக்கு ஒரு பெண் பிறந்தது. அதற்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கப்போவது யார் என்று அப்போதே முடிவாகிவிட்டது.

சுனைனா ஒருதரமும் அந்த மண்டபத்துக்குப் போகவில்லை. பிரிந்து ஒரு வருஷம் ஆனதும் விவாகரத்துக்கு மனுப் போட்டாள். மாஜிஸ்திரேட் ஒரு பெண்மணி, தீவின் தென்கோடியிலிருந்து புதிதாக வந்தவர்.

"கணவர் இப்ப எங்க இருக்கார்?"

"படத்துல இருக்கார், மேடம்."

மாஜிஸ்திரேட் குமாஸ்தாவைப் பார்த்தார். குமாஸ்தா தலையாட்டினார். அப்படியானால் அங்கேயே போய் நோட்டீஸ் கொடுங்கள் என்று உத்தரவானது. கோர்ட் நோட்டீஸ்களைக் கொண்டுபோய்க் கொடுக்கும் அமீனா எரோனி, சட்டையை மடிப்புக் கலையாமல் போட்டுக்கொண்டு போய், வழக்கமான கூட்டத்துக்கு நடுவில் இடைவேளை வரை காத்திருந்தான். ஆள் முழுசாகத் தெரியும் காட்சி வந்ததும் மேடையேறித் திரைக்கு முன்னால் நின்றான். ரவினேஷ் தத்தின் பாதி முகம் அவன் சட்டைமேல் விழுந்தது. எரோனி நோட்டீஸை முதலிலிருந்து கடைசிவரை சத்தமாகப் படித்தான். கூட்டம் பட்டாணி கொறிப்பதை நிறுத்திக் கேட்டது. பிறகு காகிதத்தை நீட்டினான், விதிப்படி கொஞ்சநேரம் நீட்டியபடியே நின்றான், கடைசியில் திரையின் அடியில் வைத்துவிட்டு இறங்கினான்.

"நோட்டீஸை வாங்க மறுத்தாரா?" என்று மாஜிஸ்திரேட் கோர்ட்டில் கேட்டார்.

"மறுக்கல, மேடம். கவனிக்கல. சைலோசி கை எங்க போகுதுன்னு பாத்துக்கிட்டு இருந்தார்" என்றான் எரோனி.

மாஜிஸ்திரேட் பேனாவை வைத்துவிட்டு சுனைனாவின் பக்கம் திரும்பினார். "முன்னாடியும் இப்படித்தானாம்மா?"

"ஆமா, மேடம். அப்பவும் வீட்டுலதான் இருந்தார், இந்த மாதிரி" என்றாள் சுனைனா.

மத்தியானத்துக்குள் தீர்ப்பாகிவிட்டது. உத்தரவில் முன்னாள் கணவரின் இருப்பிடம் என்ற இடத்தில் மாஜிஸ்திரேட் பள்ளிக்கூட மண்டபத்தின் விலாசத்தை எழுதி, பக்கத்தில் 'சனிக்கிழமைகளில் மட்டும்' என்று சேர்த்துக் கையெழுத்துப் போட்டார்.